ஈர மண்ணுக்கு யார் பொறுப்பு? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மலக்குழி வரலாறு

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு நாள். ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூரில் ஒரு தொகுப்பு வீட்டின் பின்புறம் நின்றுகொண்டிருந்தோம். கழிப்பறைக்குப் பின்னால் சிமெண்ட் உறை இறக்கிய குழி. அதைச் சுற்றிப் பத்தடிக்கு மண் சொதசொதவென்று கிடந்தது. கால் வைத்தால் நீர் மேலே வந்தது. கோழிகள் அதில் கிளறிக்கொண்டிருந்தன. சரிவில் கொஞ்சம் கீழே ஐந்தாறு வீடுகள் நீர் எடுக்கும் கிணறு.

வீட்டுப் பெரியம்மா சொன்னார்: "மழ நின்னு பத்து நாளாச்சு தம்பி. இது மட்டும் காயல." பக்கத்து வீட்டு இளைஞர் உடனே வழி சொன்னார்: "போளூர்ல ஆளுங்க இருக்காங்க. போன் போட்டா வந்து தோண்டி எடுத்துடுவாங்க."

'ஆளுங்க.' இந்தச் சொல்லில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். அந்த இளைஞர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் மலையாளிப் பழங்குடி. சாதியின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் மின்சாரம் பழுதானால் 'எலக்ட்ரீஷியன்', சுவர் விரிந்தால் 'மேஸ்திரி', மலக்குழி கசிந்தால் மட்டும் 'ஆளுங்க'. அந்த ஆட்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று கேட்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மலைக்கு இந்த அறிவு எப்படி ஏறி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

மலையில் குழி இல்லாத காலம்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமை விளையும் கொல்லைகள், சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். இங்கே மலம் அள்ளுவதற்கென்று ஒரு சாதி இருந்ததில்லை. அள்ள வேண்டிய குழியே இல்லை என்பதுதான் காரணம். காட்டோரம் போனார்கள், கொல்லைப்பக்கம் போனார்கள். வீடுகள் குறைவு, நிலம் அதிகம். வெயிலும் மண்ணும் வண்டும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

இதைப் பொற்காலமாக்கிப் பாட எங்களுக்கு விருப்பமில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும், பாம்புக்கும் கரடிக்கும் பயந்து போய்வந்த பிள்ளைகளுக்கும் அது பொற்காலம் அல்ல. வயிற்றுப்போக்கும் புழுவும் அன்றும் இருந்தன. ஆனால் ஒன்று உண்மை: ஒருவரின் மலத்தை இன்னொருவர் கையால் தொட வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போடப்பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசுடையது, இந்தப் பக்கம் ஊர். ஊர் பெருக இடம் இல்லை. வீடுகள் நெருங்கின. சரிவில் மேல் வீட்டின் கழிவு கீழ் வீட்டின் பிரச்சினையானது. நிலத்தின் கதையைச் சொல்லாமல் மலத்தின் கதையைச் சொல்ல முடியாது.

தொட்டிக்கு இரண்டு பாதி

செப்டிக் டேங்க் என்ற சாதனத்தின் வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. 1860 வாக்கில் ழான் லூயி மூரா என்பவர் தன் வீட்டுக் கழிவு போய்ச் சேர ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவு கசடு உள்ளே இல்லை. பெரும்பகுதி நீராகக் கரைந்து போயிருந்தது. 1881-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரான் இதே வழியில் பெரிய தொட்டி கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அழுகச் செய்யும் தொட்டி என்று பொருள்.

நம் வீடுகளில் மறந்துபோன விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. தொட்டி பாதி வேலையைத்தான் செய்யும். கனமானது அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் வெளியே போகும். வெளியே போகும் அந்த நீர் சுத்தமானது அல்ல. அதில் கிருமியும் புழு முட்டையும் உண்டு. அதைச் சுத்தம் செய்கிற மீதிப் பாதி வேலை மண்ணுடையது. மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டும், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்ன வேண்டும், நீர் மெதுவாக இறங்க வேண்டும்.

ஆகவே எந்த மண் எவ்வளவு நீரைக் குடிக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். 1926-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயான் என்ற பொறியாளர் இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்தார். சின்னக் குழி தோண்டி நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் நீர்மட்டம் இறங்குகிறது என்று பார்ப்பது. ஒரு மண்வெட்டி, ஒரு குடம், ஒரு கடிகாரம் போதும். இந்தியத் தர நிர்ணயமும் இதை அறியாததல்ல. செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 விதியின் 1985-ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி தொட்டியைப் பற்றியது. இரண்டாம் பகுதி முழுக்கத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை என்ன செய்வது என்பதைப் பற்றியது.

நம் ஊர்களில் முதல் பகுதி மட்டும்தான் கட்டப்பட்டது. அதுவும் அரைகுறையாக. மேஸ்திரிக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இரண்டாம் பகுதியின் இடத்தில் நாம் வேறொன்றை வைத்தோம். ஒரு சாதியை வைத்தோம். மண் செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்தான்.

நகராட்சி உண்டாக்கிய 'ஆள்'

மலை அடிவாரத்து ஊர்களின் கதை வேறு. வேலூரில் 1866-இலும் திருவண்ணாமலையில் 1886-இலும் நகராட்சிகள் ஏற்பட்டன. நகராட்சி என்றால் வரி, விளக்கு, தெரு, சுகாதாரம். எடுப்புக் கக்கூசிலிருந்து வாளியில் மலம் எடுத்து வண்டியில் கொட்டும் வேலைக்கு ஆள் வேண்டும். கிராமத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் தோல் வேலை செய்யவும் கட்டாயப்படுத்தப்பட்டிருந்த அருந்ததியர் போன்ற மக்கள் நகரத்துக்கு வந்தபோது, வெள்ளை அரசின் நகராட்சி அவர்களுக்கு வைத்திருந்த கதவு இது ஒன்றுதான். சாதி உண்டாக்கிய இழிவை நகராட்சி சம்பளப் பட்டியலில் ஏற்றியது. அப்பா ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை. இதைச் சலுகை என்று சொன்னார்கள்.

விடுதலைக்குப் பிறகு குழுக்கள் வந்தன. 1949-இல் பம்பாய் மாகாணத்தில் பார்வே தலைமையில் ஒரு குழு. 1957-இல் மத்திய அரசு மல்கானி தலைமையில் ஒரு குழு. தலையில் சுமப்பதை நிறுத்த வேண்டும், தள்ளுவண்டி கொடுக்க வேண்டும், கருவிகளை மேம்படுத்த வேண்டும் என்கிற வகையில் பரிந்துரைகள் போயின. வண்டியை யார் தள்ளுவது என்ற கேள்விக்குப் பதில் மாறவில்லை. பிறப்பால்தான் ஒருவர் இந்த வேலைக்குத் தள்ளப்படுகிறார், அவர் அந்த வேலையைச் செய்கிறாரா இல்லையா என்பதுகூடப் பொருட்டல்ல என்று அம்பேத்கர் அதற்கு முன்பே விளக்கியிருந்தார். குழுக்கள் கருவியைப் பார்த்தன. அவர் பிறப்பைப் பார்த்தார்.

பிறகு எடுப்புக் கக்கூஸ் மெல்ல மெல்லக் குறைந்து செப்டிக் டேங்க் பெருகியது. வாளி மறைந்ததைப் பலரும் விடுதலை என்று எண்ணினார்கள். உண்மையில் மலம் கண்ணிலிருந்து மறைந்து நிலத்துக்கு அடியில் போனது. அதோடு சேர்ந்து அள்ளுகிறவரும் நிலத்துக்கு அடியில் போனார். வாளி நாற்றத்தைத்தான் கொடுத்தது. குழி விஷவாயுவால் உயிரையே எடுத்தது. 1993-க்குப் பிறகு பதிவான மலக்குழி, சாக்கடை மரணங்களில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருப்பதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறது. சமூகநீதி மண் என்று மேடைதோறும் பேசுகிற நாம் இந்த ஒரு பட்டியலையும் மேடையில் படிக்க வேண்டும்.

வெறுங்காலும் ஈர மண்ணும்

ஈர மண்ணுக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. கொக்கிப்புழு எப்படி மனித உடலுக்குள் போகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கெய்ரோ நகரில் 1898-இல் கண்டுபிடித்தார். புழுவின் குஞ்சுகள் இருந்த நீர் தவறுதலாக அவர் கையில் பட்டது. தோல் வழியாகவே அது உள்ளே நுழைவதை அப்படித்தான் அறிந்தார். மலம் கலந்த ஈர மண், அதன் மேல் வெறுங்கால். கொக்கிப்புழுவுக்கு வேறெதுவும் வேண்டாம். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். சோகை வரும். உழைக்க முடியாமல் போகும்.

1916-இல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. நம் தமிழ்க் கூலிகள்தான் நோயாளிகள். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தலித்துகள். மருந்து கொடுத்தால் புழு போகும், லயத்துக்குத் திரும்பினால் அதே ஈர மண்ணில் அதே வெறுங்கால், மறுபடி புழு வரும். தோட்ட முதலாளிகளுக்குக் கழிப்பறை ஒரு செலவு.

அவர்கள் ஏன் வெறுங்காலில் நடந்தார்கள்? வறுமை ஒரு பாதி. மறுபாதியை நம் பாட்டன்மார் சொல்வார்கள். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்த கைகளுக்குச் சொந்தமான கால்களில் செருப்பு இல்லை. ஒரு மனிதனைச் செருப்பில்லாமல் நிறுத்திவிட்டு, ஊரின் மலம் ஊறிய மண்ணில் இறங்கச் சொன்ன சமூகம், அவன் சோர்ந்து உட்கார்ந்தபோது சோம்பேறி என்றது. அந்தச் சோர்வில் எவ்வளவு பங்கு புழுவினுடையது என்று எந்தப் பஞ்சாயத்தும் கேட்டதில்லை.

சட்டம் நிற்கிற இடம்

1993-இல் முதல் சட்டம் வந்தது. அது உலர் கழிப்பறையையும் அதிலிருந்து மலம் அள்ளுவதையும் தடை செய்தது. செப்டிக் டேங்க் அதன் கண்ணில் படவில்லை. சட்டம் தூங்கியது. பெசவாடா வில்சன் முதலானோரின் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றம் போனது. பத்தாண்டுக்கு மேல் நடந்த வழக்கு. அதற்கு நடுவே 2013-இல் புதிய சட்டம் வந்தது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 'அபாயகரமான முறையில்' சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவது குற்றம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 2023 அக்டோபர் 20 அன்று வேறொரு வழக்கில் அது 30 லட்சம் ஆனது.

இவை போராடிப் பெற்றவை. மதிக்கிறோம். ஆனால் 2013 சட்டத்தை ஈர மண்ணின் பக்கத்தில் நின்று படித்துப் பாருங்கள். அதில் 'செப்டிக் டேங்க்' என்றால் என்ன என்று ஒரு வரையறை உண்டு. நீர் கசியாத, பொதுவாக நிலத்தடியில் இருக்கும், மலத்தைத் தேக்கி நுண்ணுயிரால் சிதையவிடும் தொட்டி என்பது அதன் சாரம். நீர் கசியாத தொட்டி! நம் மலையிலும் அடிவாரத்திலும் இருப்பவற்றில் எத்தனை அப்படி? அடியில் தளம் இல்லாத உறைக்குழி, அதைச் சுற்றி ஊறிய மண், நிரம்பி வழியும் உறிஞ்சுகுழி, இவை பற்றி அந்த வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே இறங்கித் தோண்டுகிறவரை முதலாளி 'மண்வேலை செய்ய வந்தவர்' என்று சொல்லிவிடலாம். கூலிக்கணக்கில் 'குழி தோண்டியது' என்று எழுதிவிடலாம். கவசமும் கருவியும் கொடுத்தால் குழிக்குள் இறங்குவது 'அபாயகரம்' ஆகாது என்ற ஓட்டையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

2024-இல் ஒன்றிய அரசு சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் சுமார் 38,000 பேரின் விவரத்தைத் திரட்டியது. 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். 8.3 சதவீதம் பழங்குடியினர். முதல் எண் நமக்குப் பழையது. இரண்டாவது எண்ணை இந்த மலையில் நின்று படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

மலைக்கு ஏறிய குழி

2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. திட்டம் பரிந்துரைத்தது இரட்டைக் குழி. ஒரு குழி நிறைந்தால் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். அடைத்த குழி ஓரிரண்டு ஆண்டில் மக்கி எருவாகிவிடும். யாரும் மலத்தைத் தொட வேண்டியதில்லை. சாதியை ஒழிக்கும் சக்தி ஒரு குழிக்கு இல்லை. ஆனால் சாதிக்கு வேலை கொடுக்காத குழி என்று இதைச் சொல்லலாம்.

மலையில் என்ன நடந்தது? இரண்டு குழிக்குப் பதில் பல வீடுகளில் ஒரு குழி. இரண்டடி, மூன்றடி தோண்டினால் பாறை. பாறைக்கு மேல் மெல்லிய மண். மழைக்காலத்தில் மேட்டிலிருந்து இறங்கும் நீர் அந்த மெல்லிய மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. குழிக்குள் மழைநீரும் வருகிறது, வீட்டு நீரும் வருகிறது, கீழே இறங்க வழியில்லை. பக்கவாட்டில் கசிந்து மேலே வருகிறது. இதே மலையில் காவலூரில் 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவி, விண்மீன்களின் ஒளியை அளக்கிறோம். ஒரு குடம் நீர் ஊற்றி மண்ணை அளக்க ஆள் வரவில்லை.

கழிவுநீர் லாரி வரலாமே என்பீர்கள். கழிவு அகற்றுதலை முறைப்படுத்த தமிழ்நாடு அரசு 2014-இலேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஆனால் லாரிக்குச் சாலை வேண்டும். 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தார். ஆம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில் கழிவுநீர் லாரி ஏறுமா? லாரி ஏறாத இடத்துக்கு 'ஆளுங்க' ஏறுகிறார்கள். பேருந்தில் வந்து, நடந்து, கடப்பாரையோடு ஏறுகிறார்கள்.

இந்த மலையிலிருந்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. மேலே வேலை இல்லாமல் எந்த மேஸ்திரி கூப்பிட்டாலும் போகிற இளைஞர்கள். மரம் வெட்ட என்று ஒரு நாள், குழி தோண்ட என்று ஒரு நாள். அந்த 8.3 சதவீதம் இப்படித்தான் உருவாகிறது. 'ஆளுங்க' என்ற சொல்லுக்குள் நாளை அதைச் சொன்ன இளைஞரே போய்ச் சேரக்கூடும். அன்று அவரிடம் இதைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வீட்டில் செய்தது

போளூருக்குப் போன் போடவில்லை. ஊறிய மண்ணில் கை வைக்கவும் இல்லை. முதலில் மூன்று நாள், குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் குழிக்கு விடாமல் வெளியே விடச் சொன்னோம். ஈரம் கண்கூடாகக் குறைந்தது. குழிக்குப் போன நீரில் பெரும்பகுதி மலத்துக்குச் சம்பந்தமில்லாத நீர். அதை நிரந்தரமாகப் பிரித்து வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினோம். பிறகு வீட்டுக்கு மேல்புறம் மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்து, சரிவில் வரும் மழைநீரைக் குழியைச் சுற்றி அப்பால் விட்டோம். கூரை நீரையும் அதில் சேர்த்தோம்.

அதன் பிறகு கிணற்றுக்கு எதிர்ப்புறம், மண் கொஞ்சம் ஆழமாக உள்ள இடமாகப் பார்த்து நீர் ஊற்றிச் சோதித்து, ஆழம் குறைந்த அகலமான புதுக் குழி ஒன்று. பழைய குழியை மூடி அப்படியே விட்டோம். அது தானாக மக்கட்டும். புதுக் குழியைத் தோண்டியது பெரியம்மாவின் மகன்கள், அந்த இளைஞர், நாங்கள். புது மண் நாறாது. புது மண்ணைத் தோண்ட எந்தச் சாதியையும் தேட வேண்டியதில்லை. ஈரம் காயும்வரை பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அந்தப் பக்கம் விட வேண்டாம், கிணற்று நீரைக் காய்ச்சிக் குடியுங்கள், எக்காரணம் கொண்டும் குழியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

தை மாதம் போனபோது மண் காய்ந்திருந்தது. மழையும் இல்லை, அதனால் இதை வெற்றி என்று சொல்லவில்லை. அடுத்த ஐப்பசி சொல்லும். கிணற்று நீரைச் சோதிக்கவும் கேட்டிருக்கிறோம்.

ஒரு வீட்டுக்கு இப்படிச் செய்யலாம். மலை முழுக்க நாங்கள் வாய்க்கால் வெட்ட முடியாது. எனவே கேட்கிறோம். மலைப்பகுதியில் கழிப்பறைக்குப் பணம் கொடுக்கும் முன் மண்சோதனையைக் கட்டாயமாக்குங்கள். பாறை உள்ள இடத்துக்கு ஏற்ற வடிவத்தைக் கொடுங்கள், அதற்கான கூடுதல் செலவையும் கொடுங்கள். ஏற்கெனவே கட்டிய ஒற்றைக் குழிகளுக்கு இரண்டாவது குழி கட்டிக் கொடுங்கள். 2013 சட்டத்தின் வரையறைக்குள் உறைக்குழியையும் உறிஞ்சுகுழியையும் அவற்றைச் சுற்றி ஊறிய மண்ணையும் கொண்டு வாருங்கள். அங்கே இறங்கியவர் இறந்தால், 'மண்வேலை விபத்து' என்று எழுதி 30 லட்சத்தை மறுக்க முடியாதபடி செய்யுங்கள்.

நம் மக்களிடமும் ஒன்று கேட்கிறோம். வீட்டைச் சுற்றி மண் ஈரமானால், யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கும் முன், நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதல் கேள்வி நூறாண்டாக நம்மைக் குழிக்குள் தள்ளியது. இரண்டாவது கேள்விக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு குடம் நீரும் போதும்.

ஜெய்பீம்.